ஒரு தெரு நீளத்துக்கு

வேவர் தெரு,
12 நவம்பர் 1973

என் அன்புள்ள அலெய்டா,

நீயும் ஹார்மனும் நலம்தானா? ஸ்வோலே குளிர் உன் தொண்டைக்கு ஒத்துக்கொள்கிறதா? வீட்டைக் காலி செய்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள் ஒரு வரி எழுதக் கூடாதா? சரி, சண்டை வேண்டாம். நானே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில், ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதே, அது நம் தெருவுக்கு அடித்த யோகம். காலையில் ஜன்னலைத் திறந்தால் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து பிள்ளைகள் இறங்கினார்கள். மீன்கடை பெப், தன் வீட்டு நாற்காலியைத் தூக்கி வந்து நடுத்தெருவில் போட்டுக்கொண்டு பட்டாணி சூப் குடித்தாள். "இனிமே நான் இங்கதான் குடித்தனம், எந்த லாரி வருதுன்னு பார்க்கிறேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னதை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

துறைமுகத்துக்குக் குறுக்கு வழி என்று நம் தெருவில் புகுந்து ஓடும் லாரிகளை நிறுத்தியே ஆக வேண்டும். பள்ளி பாதி நாள் விடும் புதன்கிழமைகளில் தெருவை மறித்து உட்காரப் போகிறோம். பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போகிற தெருவாக இது ஆகும்வரை எழுந்திருப்பதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. போன ஏப்ரலில் நம் பெண்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் அந்த லாரியில் சிக்கிய மூலையில் ஒரு தட்டி வைக்கிறோம். அதில் உன் திர்சாவின் படம் இருந்தால் ஊர் நின்று பார்க்கும். பள்ளியில் எடுத்தது, முன்பல் விழுந்த படம். தருவாயா?

என் இனேகாவுக்குக் கால் கட்டுப் பிரித்தாயிற்று. ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஊன்றுகோலோடு நடக்கிறாள். அலெய்டா அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

என்றும் உன்,
ரென்ஸ்கே


ஸ்வோலே,
21 நவம்பர் 1973

அன்பு ரென்ஸ்கே,

கடிதம் வந்தது. தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஹார்மனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. போகிறார், வருகிறார், பேசுவதில்லை.

உன்னைப் பேப்பரில் பார்த்தேன். அத்தான்தான் காட்டினார். நடுத்தெருவில் உட்கார்ந்திருக்கிறாய், மடியில் இனேகா, அவள் கையில் ஊன்றுகோல். கீழே 'விபத்தில் தப்பிய மகளுடன் போராடும் தாய்' என்று போட்டிருக்கிறான். போராடும் தாய்! பட்டம் நன்றாக இருக்கிறது. கோட்டு புதிதா? முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டுதான் தெருவில் உட்கார்ந்தாயா?

திர்சாவின் படத்தைத் தர மாட்டேன். உனக்கு எதற்குப் படம்? உன்னிடம்தான் ஆளே இருக்கிறாளே, தூக்கிப் பிடி.

கட்டுப் பிரித்தாயிற்று என்ற வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டேன். அதற்குமேல் படிக்கப் பல நாள் ஆயிற்று. நல்ல செய்திதான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும். எப்படிப் படுவது என்று யாராவது எனக்குச் சொல்லித் தந்தால் தேவலை. முன்னால் உட்கார்ந்து மிதித்தவள் போனாள். பின்னால் கேரியரில் உட்கார்ந்தவள் பிழைத்தாள். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சீட் தூரம்தான்.

பெப்பைக் கேட்டதாகச் சொல்.

அலெய்டா


வேவர் தெரு,
9 ஜனவரி 1974

அலெய்டா,

உன் கடிதம் வந்த அன்றே நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். புது வருஷமும் பிறந்துவிட்டது. இனிமேல் கிழிக்கப் போவதில்லை.

கோட்டு புதிது இல்லை. நீ கொடுத்ததுதான், நீலக் கோட்டு. பேப்பரில் நிறம் தெரியாது.

இங்கே நாங்கள் சீவிச் சிங்காரித்துக்கொண்டு உட்காரவில்லை. போன புதன் ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து, "ஏம்மா, வீட்ல உருளைக்கிழங்கு வேகலையா? போய் அடுப்பைப் பாருங்க" என்றான். "வெந்துடுச்சு, உன் டயருக்குக் கீழ வச்சிருக்கோம்" என்று பெப் கத்தினாள். அவன் இஞ்சினை உறுமவிட்டு எங்கள் முழங்காலில் முட்டுகிற மாதிரி வந்து நிறுத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை.

நீ மனம்விட்டு எழுதினாய். நானும் எழுதிவிடுகிறேன்.

நகரசபையில் போக்குவரத்தைப் பார்க்கிற வான் எல்ஸ்டைப் பார்க்கப் போனேன். தெருவை எந்த மூலையில் அடைக்கலாம், லாரிகள் எப்படிச் சுற்றிப் போகலாம் என்று படம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மனுஷர் பேனாவை எடுத்தார். "இறந்து போச்சே, அந்தப் பொண்ணோட அம்மா நீங்கதானே?" என்றார். "இல்லைங்க, என் பொண்ணு பிழைச்சுட்டா" என்றேன். "ஓ, அப்படியா, நல்லது" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்புறம் நான் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

படியிறங்கும்போது எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது, அலெய்டா. நீ வந்திருந்தால் அந்த ஆள் எழுந்து நின்றிருப்பார். எதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்று மறு நிமிஷமே உறைத்து, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா? இருக்கிறேனே.

மார்ச் 14-ம் தேதி நகரசபையில் நம் தெரு விஷயம் ஓட்டுக்கு வருகிறது. திர்சாவின் படம் வேண்டாம். நீ வா. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ரென்ஸ்கே


ஸ்வோலே,
25 ஜனவரி 1974

ரென்ஸ்கே,

பொறாமையா? என்மேலா? தாராளமாகப் படு. இன்றைக்கே இடம் மாற்றிக்கொள்வோம். நான் வந்து நொண்டும் மகளின் அம்மாவாக இருக்கிறேன். யாரும் பேனாவை மூடட்டும், கதவையே மூடட்டும், எனக்கென்ன? அவளுக்குச் சாயந்திரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவேன். நீ இங்கே வந்து ஹார்மனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. வான் எல்ஸ்ட் உனக்கு எழுந்து நிற்பார்.

நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே பால் வாங்கும் இடத்தில் ஒரு பெண் பழக்கமானாள். "உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டாள். "ஒரு பொண்ணு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கால் உடைந்திருந்தது, இப்போதுதான் கட்டுப் பிரித்தார்கள், கொஞ்சம் நொண்டுகிறாள், ஆனால் வாய் மட்டும் ஓயாது என்று சொல்லிக்கொண்டே போனேன். உன் கடிதத்தில் இருந்ததைத் திருடி என் வீட்டில் வைத்துவிட்டேன். அவள் "பாவம், குழந்தைக்குக் குடுங்க" என்று ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச்சில் வர மாட்டேன். உன் பக்கத்தில் உட்கார என்னால் ஆகாது.

அலெய்டா


வேவர் தெரு,
16 மார்ச் 1974

அலெய்டா,

நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசி வரிசையில் உன் பச்சைத் தொப்பியைப் பார்த்ததும் எழுந்து ஓடிவரப் பார்த்தேன். நீ வராதே என்று தலையை ஆட்டினாய்.

வான் எல்ஸ்ட் "லாரிக்காரங்களும் பிழைக்க வேணாமா" என்று ஆரம்பித்தபோதுதான் நீ எழுந்தாய். நீ பேசியதை இங்கே தெரு முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறார்கள். "எம் பொண்ணு செத்துட்டா. அதே சைக்கிள்ல போன இவ பொண்ணு பிழைச்சா. இவ என் சிநேகிதி. அந்தப் பொண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இல்ல. உங்க ஊர்ல இன்னொரு அம்மா இன்னொரு அம்மாவைப் பார்த்து இப்படி எரியக் கூடாதுன்னா, அந்தத் தெருவை அடைச்சுடுங்க." இதைச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாய்.

அதன் பிறகு ஓட்டுக்கு விட்டார்கள். வான் எல்ஸ்டும் கையைத் தூக்கினார். பெப் அவருடைய கைக்குட்டையையே பிடுங்கி மூக்கைச் சிந்தினாள். மே 11, சனிக்கிழமை, தெருவின் இரண்டு முனையிலும் சிமெண்ட் தொட்டிகளை வைத்து மூடுகிறார்கள். நடக்கிறவர்களும் சைக்கிளும் மட்டும்தான் போகலாம். என்னால் மாதக்கணக்கில் செய்ய முடியாததை நீ நின்ற நிலையில் செய்துவிட்டாய்.

ஆனால் என் பக்கத்தில் இனேகா உட்கார்ந்திருந்தாளே, அதைப் பார்த்தாயா? மண்டபம் முழுக்கத் திரும்பி அவள் காலைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போது கேட்டாள்: "அம்மா, நான் செத்திருந்தா அலெய்டா அத்தைக்கு வயிறு எரியாதா?"

"அத்தை அப்படிச் சொல்லலடி" என்றேன்.

"சொன்னாங்க. நான் கேட்டேன்."

அன்றிலிருந்து வெளியே விளையாடப் போவதில்லை. அவளுக்காகத்தான் இந்தத் தெருவைப் போராடி வாங்கினோம், அவள் ஜன்னலோடு நின்றுவிட்டாள்.

நீ பேசியது நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். காகிதத்தில் வேண்டாம்.

ரென்ஸ்கே


ஸ்வோலே,
20 மார்ச் 1974

ரென்ஸ்கே,

அவள் அங்கே இருந்ததைப் பார்த்தேன். பார்த்துத்தான் சொன்னேன்.

தெருவை மூடுகிற அன்று வருகிறேன். கதவைத் திறந்து வை. நீ எதிரே வராதே.

அலெய்டா


ஸ்வோலே,
13 மே 1974

என் அன்புள்ள ரென்ஸ்கே,

நான் சொன்னபடியே நீ சமையலறையிலேயே இருந்தாய். தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் கழுவ உன் வீட்டில் தட்டு ஏது? அதற்கு நன்றி.

எங்களுக்குள் என்ன நடந்தது என்று இனேகா உனக்கு முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் அம்மா நீ, தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு.

கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. "நீ கேட்டியாமே, அதுக்குப் பதில் சொல்ல வந்தேன். நீயும் செத்திருந்தாலும் எனக்கு எரிஞ்சிருக்கும். உங்க அம்மாவுக்கும் சேர்ந்து எரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் ஜன்னல்ல நின்னுக்கிட்டு ஊர்ல போற வர்ற பிள்ளைங்களையெல்லாம் பார்த்து எரிஞ்சுக்கிட்டிருப்போம்" என்றேன்.

அவள் யோசித்தாள். "இப்ப எரியுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எரியுது" என்றேன்.

"ரொம்பவா?"

"வா, சைக்கிள் ஓட்டு. கொறையுதான்னு பார்ப்போம்."

"எனக்கு வராது. கால் எட்டாது."

"சீட்டை இறக்கினா எட்டும்."

உன் கொட்டகையில் ஸ்பானர் தேடி, அங்கே நின்ற சைக்கிளின் சீட்டை நானே இறக்கினேன். வெளியே ஒரே கூட்டம். பெப் சிமெண்ட் தொட்டியில் அதற்குள் வெங்காயத்தாள் நட்டுவிட்டு, யாரும் பிடுங்கக் கூடாது என்று காவல் இருந்தாள். பிள்ளைகள் ரோடு முழுக்கச் சாக்பீஸில் கோடு போட்டிருந்தார்கள். நாங்கள் வந்ததும் விலகி நின்றார்கள்.

நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். "விட்டுடாதீங்க அத்தை" என்றாள். விடவில்லை. குட்டைக் காலால் மிதிக்கும்போது வண்டி ஒருபக்கம் சாய்கிறது, உடனே நிமிர்த்துகிறாள். அந்த லாரி திரும்பிய மூலையில் கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணைத் திற, இங்க ஒண்ணும் வராது" என்று கத்தினேன். திறந்தாள். அங்கே எதுவும் வரவில்லை, ரென்ஸ்கே. அந்த மூலையில் ஒரு நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

அதைத் தாண்டியதும் "இப்ப விடுங்க" என்றாள். விட வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கும் தெரிந்தது. விடவில்லை. தெரு முடிகிற வரை பிடித்துக்கொண்டே ஓடினேன். உன் ஜன்னலை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒரு தெரு நீளத்துக்கு அவள் எனக்குப் பிறந்த பெண்ணாக இருந்தாள். அதை நான் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப கொறைஞ்சுதா?" என்றாள்.

"கொறைஞ்சுது" என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது அவளைத் தனியாக ஓட்டச் சொன்னேன். நான் தொட்டியருகிலேயே நின்றேன். கோணலாகத்தான் போனாள், ஆனால் போனாள். நீ கை ஈரத்தோடு வாசலுக்கு ஓடிவந்ததைப் பார்த்தேன். அவள் உன்மேல் வந்து மோதினாள். அதற்குமேல் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன்.

இனி நான் வர மாட்டேன். நீயும் எழுதாதே. கோபம் இல்லை, நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம். அந்தத் தெரு சின்னது, சீக்கிரம் முடிந்துவிட்டது. அதனால்தான் அவளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அலெய்டா