கல் முடிகிற இடம்

மச்சாள்,

இன்று காலை உன் கிணறு கடலுக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றியிருந்த மண் முழுவதும் போய்விட்டது. கிணற்றுக்கு இறக்கிய சிமெந்துக் கொட்டு வளையங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஆள் உயரத்துக்கு மேலே, அலைக்குள் தனியே நிற்கின்றன. மண்ணுக்குள் இருந்த காலத்தில் அது எவ்வளவு ஆழம் என்று யார் பார்த்தது? இப்போது போகிற வருகிறவனெல்லாம் நின்று பார்க்கிறான். கைத்தொலைபேசியில் படம்கூட எடுக்கிறார்கள். உன் மகள் என் பக்கத்தில் நின்றாள். "அம்மா இதிலதான் மாமி எங்களுக்கு முழுகத் தண்ணி வார்ப்பா" என்றாள்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல வராத எதையும் நான் தாளில்தான் சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். நீ இருந்தபோது அதற்கு என்னை எவ்வளவு நக்கலடித்திருக்கிறாய். இனி நீ நக்கலடிக்கவும் போவதில்லை, பதில் சொல்லவும் போவதில்லை. எனக்கு அது வசதிதான், என்ன செய்ய.

என் ஊர் வடக்கே முடிகிற இடத்தில் உன் ஊர் தொடங்குகிறது. நடுவில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கை, அவ்வளவுதான். என் அப்பாவின் தங்கச்சி உன் அம்மா. நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தானே. உன் அம்மாவுக்கு அவவின் அம்மா கொடுத்த வளவு உனக்கு வந்தது. உன்னிடமிருந்து உன் மகளுக்குப் போகவேண்டும். ஆண்கள் நம் வீட்டுக்கு வந்து குடியிருந்துவிட்டுப் போகிறவர்கள்தான். அதனால் இந்தக் கரையில் நிலம் போனால், ஒரு பெண்ணுடைய நிலம்தான் போகும்.

உன் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஏழு நிரை தென்னை நின்றது. தென்னைக்கு அப்பால் அடம்பன் கொடி. அதற்கும் அப்பால் நீ நெத்தலி காயப்போடுகிற வெண்மணல். கரைவலைக்காரரிடம் மீனை வாங்கி, விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை அந்த மணலிலேயே கிடந்தாய். காகத்தை விரட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது என்னை இருத்தி வைத்துச் சொன்னாய்: "தெற்கால அடிக்கிற சோளகக் காத்துக்கு மணல் உங்கட கரையால எங்கட கரைக்கு நடந்து வரும் மச்சாள். மாரியில வாடைக் காத்துக்குக் கொஞ்சம் திரும்பும். மிச்சம் வடக்க போயிரும். நடந்துகொண்டேதான் இருக்கும்." மணலுக்குக் கால் முளைத்துவிட்டதா என்று நான் கேட்டேன். உனக்குப் பொல்லாத கோபம். சிரி, சிரி என்று முறைத்துவிட்டு, மீன் கிளறப் போய்விட்டாய். எட்டாம் வகுப்போடு நின்றவள் சொல்வதை, மாதர் சங்கச் செயலாளரான நான் எதற்குக் கேட்கவேண்டும்?

அப்போது கடல் என் ஊரைத்தான் தின்றுகொண்டிருந்தது. ஏன் தின்றது என்று அரசாங்கக் கந்தோரில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுனாமி ஒரு காலையில் வந்தது, அழித்தது, போனது. இது அப்படியல்ல. ஒவ்வொரு மாரிக்கும் வந்து பத்தடி, பதினைந்தடி என்று எடுத்துக்கொண்டு போனது. பின்னால் பார்த்தால் ஆறு. மழை கூடினால் அதுவும் மேலேறி வரும். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓலைப்பாய் அகலத்தில் கிடக்கிற நம் எழுவான்கரையில் பின்னால் தள்ளி வீடு கட்ட இடம் எங்கே இருக்கிறது? என் மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் வந்தது. மாப்பிள்ளை பகுதியினர் பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டின் பின்பக்கம் போய் நின்று கடலைப் பார்த்தார்கள். பிறகு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே அலையைத் தடுக்கக் கரை நீளத்துக்குக் கல் போடச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் எழுதினேன். அதை நீ நம்பியிருந்தாய், அது உண்மையும்தான். உன் ஊரில் நீயே மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாய். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகளிடம் பெருவிரல் அடையாளம் எடுத்து வந்தாய். நீலமையோடு கருவாட்டு மணமும் அந்தத் தாள்களில் ஏறியிருந்தது. கந்தோரில் ஓர் எழுதுவினைஞர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு கிராம விதானைமாரின் பிரிவு என்றால் இரண்டு கோப்பாம். இரண்டு அதிகாரிகளாம். ஒன்றாக எழுதினால் ஒன்றுமே நடக்காதாம். நான் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'எமது கிராமத்தின் தென் எல்லை முதல் வட எல்லை வரை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். உன் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிட வேலை.

உன்னிடம் வந்து சொன்னபோது உன் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு நீயே என்னைத் தேற்றினாய். "சரி கா, முதல்ல உங்கட பக்கம் வரட்டும். உன்ட மகள்ட கலியாணம் முடியட்டும். மறுகா எங்கட பக்கம் எழுது."

ஓம் என்றேன். கல் வந்தது. லொறி லொறியாக வந்தது. அந்தப் பெரிய கருங்கற்களைப் பார்க்க ஊரே திரண்டது. பெண்கள் கல்லுக்கு முன்னால் பொங்கல் பொங்கினார்கள், நானும் பொங்கினேன். கடைசிக் கல்லை ஒழுங்கையின் இந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டு லொறி திரும்பியது. மகளின் கலியாணம் முடிந்தது. மறுகா அவளுடைய பிள்ளைப்பேறு, முப்பத்தோராம் நாள், அது இது என்று உனக்கு எழுதவேண்டிய மனுவை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். நேரமில்லை என்று சொன்னது பொய், மச்சாள். என் வீடு தப்பிவிட்டது, எனக்கு அவசரம் போய்விட்டது. அதுதான் உண்மை.

அடுத்த வாடைக்கு உன் முதல் நிரை தென்னை விழுந்தது. என் கரையில் கல்லில் மோதிய அலை சும்மா திரும்பிப் போகவில்லை. கல் முடிகிற இடத்தில் திரும்பி உன் மண்ணைக் கிண்டியது. சோளகம் வந்தது. என் கரையிலிருந்து உனக்கு நடந்து வரவேண்டிய மணல் வரவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் அது தேங்கிக் கிடந்தது. எங்கள் பிள்ளைகள் அதில் பந்து விளையாடினார்கள். இரண்டாம் நிரை, மூன்றாம் நிரை என்று போனது. விழுந்த மரத்துத் தேங்காய்களைச் சாக்கில் கட்டி எனக்குக் கொடுத்தனுப்பினாய். எதற்கு எனக்கு அனுப்புகிறாள் என்று வீட்டில் எரிந்து விழுந்தேன். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை, கறி வைத்துத் தின்றோம். அதற்குப் பிறகுதான் உன் மனுவை எழுதிக்கொண்டு ஓடினேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். மறுபடி எழுதினேன். மறுபடியும் பரிசீலித்தார்கள்.

உன் முன்னறைச் சுவர் இடிந்த அன்று காலை நான் வந்தபோது, நீ வாசலில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாய். ஊர்ச்சனம் நின்றது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தாய். "வா மச்சாள். நீ எழுதின கடுதாசிக்குக் கடல் பதில் போட்டிருக்கு. வந்து வாசி." உன் குரல் உயரவேயில்லை. நாலு பேருக்கு முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்று நான் கோபித்துக்கொண்டேன், கேட்டாயா கதையை? வீடு போனது உனக்கு, கோபித்துக்கொண்டது நான். ஒரு மாரியும் ஒரு கோடையும் நாம் பேசவில்லை.

நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு, தம்பி வீட்டுக்குப் போனாய். மகள் மட்டும் வளவின் பின்துண்டில், றோட்டோரமாகத் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அசையமாட்டேன் என்று நின்றாள். உனக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு ஆற்றைக் கடந்து வந்தேன். சுற்றிவர வயல், நடுவில் நீ கட்டிலில். எலும்பும் தோலுமாக இருந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வழி முழுக்க வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். வந்திருந்து நெத்தலி விலையைக் கதைத்தேன். அரைமணித்தியாலம் நெத்தலி விலை! நீ கேட்டுக்கொண்டே கிடந்தாய். கடைசியில் என் கையைப் பிடித்து, "இஞ்ச சத்தமே இல்ல மச்சாள். எனக்கு நித்திரை வருகுதில்ல" என்றாய். கடல் சத்தத்தைத்தான் சொன்னாய். வீட்டைத் தின்ற கடல் இல்லாமல் உனக்கு நித்திரை வரவில்லை. இன்னொருநாள் வந்து கதைக்கிறேன் என்று எழும்பினேன். அந்த இன்னொருநாள் வரவில்லை.

உன்னை இந்தக் கரைக்குத்தான் கொண்டுவந்தோம். பாதை என்று நாம் சொல்கிற அந்த மிதவையில் உன் பெட்டியை ஏற்றி, ஆற்றைத் தாண்டி, உன் ஊருக்கு வடக்கே இருக்கிற கடற்கரை மயானத்தில் அடக்கம் செய்தோம். கடல் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்துத்தான் குழி வெட்டச் சொன்னேன். உனக்கு நான் சரியாகச் செய்த ஒரேயொரு காரியம் அது என்று நினைத்திருந்தேன்.

இனித்தான் சொல்லவந்த விஷயம். உன் ஊருக்குக் கல் வரப்போகிறது. போன கிழமை கந்தோரிலிருந்து அறிவித்திருக்கிறார்கள். பிரிவு பிரிவாகத் தனித்தனியே மனுக் கேட்கிறார்கள். உன் மகள் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். அவளுக்கு என்மேல் வருத்தம் இல்லாமலா இருக்கும்? இருந்தாலும் இந்தக் கரையில் மனு எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு இன்று கரையால் நடந்தேன். கல் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று பார்க்கத்தான் போனோம். உன் கிணற்றைத் தாண்டி, கரைவலைக்காரரின் வாடிக் குடிசைகளைத் தாண்டி, உன் ஊரின் வட எல்லைக்குப் போனோம். அங்கே பூவரசு வேலி. வேலிக்கு அடுத்த பிரிவில் மயானம். வேலியிலிருந்து எண்ணிப் பார்த்தேன், உன்னிடம் வர நாற்பது காலடி. கல் வேலியோடு முடியும்.

இப்போது எனக்குத் தெரியும், கல் முடிகிற இடத்தில் கடல் என்ன செய்யும் என்று. அடுத்த பிரிவையும் சேர்த்து எழுதலாமே என்று நினைத்தேன். சேர்த்தால் மனு திரும்பி வரும், உன் மகளின் கொட்டில் இந்த மாரியைத் தாண்டாது. மயானத்துக்காக அந்தப் பிரிவில் யார் மனு எழுதப்போகிறார்கள்? உன்னை எடுத்து வேறிடத்தில் வைக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். குழி வெட்டுகிறவர் கையை விரித்தார். இந்த மணலில் தோண்டத் தோண்டச் சரியும், அதில் இனி எதைத் தேடுவது என்றார்.

உன் மகளிடம் உடைத்துச் சொன்னேன். ஒளிக்கவில்லை, மச்சாள். கல் வந்தால் உன் வளவு நிற்கும், உன் அம்மா போவா என்றேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "எனக்கும் ஒரு பொம்புளப்புள்ள இருக்கு மாமி" என்றாள். "அவள் கால் வைக்க ஒரு துண்டு வளவு வேணும். நீங்க எழுதுங்க."

எழுதிவிட்டேன். மத்தியானம் என் வீட்டு மேசையில் இருந்து, ஒரே மூச்சில், ஓர் எழுத்தும் பிழைக்காமல் எழுதினேன். உன் ஊரை மட்டும் போட்டேன். நாளைக்குக் காலையில் நானே கந்தோருக்குக் கொண்டுபோகிறேன். நீ இருந்தாலும் எழுதச் சொல்லியிருப்பாய் என்று உன் மகள் சொல்கிறாள். சொல்லியிருப்பாய்தான். அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. உனக்கு வடக்கேயும் கரை இருக்கிறது. அங்கேயும் யாரோ ஒருத்தி மகளுக்கென்று ஒரு வளவை வைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதல் தரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மணலில் இருத்தி வைத்து நீ சொல்லித் தந்திருந்தாய், ஆனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இந்தத் தரம் கடல் உன்னிடம் வரும்போது, மச்சாள், எனக்குச் சொல்லிக்கொள்ள அதுவும் இல்லை.