பச்சைத் தண்ணீர் வரும்வரை

அக்டோபர் 2, வியாழன்

பின்லாந்தில் வியாழன் என்றால் பட்டாணி சூப். என் கணவன் வெய்க்கோ இடது கையால் தானே குடித்தான், பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்றும் ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, ஊதிக் குமிழி விடச் சொன்னாள். உதடு வலுப்பட வேண்டுமாம். அவன் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தான். எழுபத்தொரு வயது மனுஷனிடம் போய்க் குமிழி விடு என்றால்?

ஜூனில் பக்கவாதம் வந்ததிலிருந்து "ஹூம்" ஒன்றுதான் அவன் பேச்சு. படகுத்துறையில் எங்களுக்கு அடுத்த இடத்துக்காரன் பென்ட்டி சாயங்காலம் வந்து, "முன்னாடி மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சான்? எனக்கொண்ணும் வித்தியாசம் தெரியலயே" என்றான். வெய்க்கோ ஒரு பக்க வாயால் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

அக்டோபர் 5

ஹெல்சிங்கியிலிருந்து மகள் ஹன்னெலே போன் செய்தாள். "அம்மா, டீரா படக வித்துடும்மா. அப்பாவால இனிமே முடியாது. நீ ஒருத்தியா என்ன பண்ணுவ?" பென்ட்டியின் மருமகன் வாங்கத் தயார். வசந்தம் வரட்டும், கொடுத்துவிடலாம் என்றேன்.

திரும்பினால் கதவருகே வெய்க்கோ. எவ்வளவு நேரமாக நின்றானோ. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறான். அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. உள்ளே இன்னும் என் வெய்க்கோதான் இருக்கிறானா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

அக்டோபர் 11, சனி

படகுகளைக் கரையேற்றும் நாள். வழக்கம்போல் படகுச் சங்கம் முழுக்கக் கூடிக் கைகொடுத்தது. டீராவை பென்ட்டி தன் படகின் பின்னால் கட்டி இழுத்து வந்து கிரேன் அடியில் விட்டான்; கிரேன் தூக்கிக் கரையில் நிறுத்தியது. என்ஜினைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய ஆளாளுக்கு வந்தார்கள். யாரையும் தொடவிடவில்லை. நாற்பது வருஷமாகப் படகின் பின்னால் நின்று, புகைக்குழாயில் பச்சைத் தண்ணீர் வந்ததும் "வந்துடுச்சு!" என்று கத்தியவள் நான். முன்னால் உட்கார்ந்து செய்ய எனக்குத் தெரியாதா?

வெய்க்கோவின் குறிப்பேட்டில் அவன் கையெழுத்தில் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் இழுக்கும் குழாயை, குளிரில் உறையாத பச்சைக் கூலன்ட் இருக்கும் வாளிக்குள் விடு. என்ஜினை ஓட்டு. உள்ளே கிடக்கும் ஏரித் தண்ணீர் வெளியேறி, புகைக்குழாயில் பச்சை வரும்வரை காத்திரு. அவ்வளவுதான். இரண்டே நிமிஷத்தில் பச்சை வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

ஆனால் வெய்க்கோ — ஏணியில் எப்படி ஏறினானோ — என் கையைப் பிடித்து இழுத்து என்ஜின் மேல் வைத்து அழுத்தினான். ஹூம், ஹூம் என்று முகம் சிவக்க. விடவேயில்லை. படகை விற்கப் போவது புரிந்துவிட்டது, அதனால்தான் இப்படி என்று நினைத்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள் வேறு. "போதும் விடு வெய்க்கோ, மானத்த வாங்காத" என்று கத்திவிட்டேன்.

படகின் ஹீட்டர் வேலையை நாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

அக்டோபர் 12

போகவில்லை. அவன் சாப்பிடவில்லை. செவ்வாய் இரவு மைனஸ் ஏழாம்.

அக்டோபர் 13, திங்கள்

என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா!

காலையில் காபி ஊற்ற வந்தேன். வெய்க்கோ என் கையைப் பிடித்துக் காபிப் பாத்திரத்தின் மேல் வைத்தான். சூடு. பிறகு மேசையில் இருந்த காலிக் கோப்பையின் மேல் வைத்தான். சில்லென்றிருந்தது. பிறகு படகுத்துறைப் பக்கம் விரலை நீட்டினான்.

சனிக்கிழமை என் கைக்குக் கீழே என்ஜின் சில்லென்றுதானே இருந்தது?

பென்ட்டிக்குப் போன் போட்டேன். "அடக் கடவுளே! சூடானாத்தான ஐலா தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும்? உன் கூலன்ட் உள்ள போகாமலே வெளிய ஓடிருக்கு. உள்ள பூரா ஏரித் தண்ணிதான் நிக்குது. நாளைக்கு ராத்திரி உறைஞ்சு, என்ஜின் வெடிச்சுப் போயிருக்கும்."

குறிப்பேட்டில் ஏன் இல்லை? ஒவ்வொரு வருஷமும் அவன் படகை ஓட்டிக்கொண்டே கிரேனுக்கு வருவான். என்ஜின் சூடாகத்தான் இருக்கும். எழுதத் தோன்றியிருக்காது. இந்த வருஷம்தான் இழுத்து வந்தோம்.

உடனே கிளம்பினோம். குழாய்த் தண்ணீரை வாளியில் விட்டபடியே என்ஜினை ஓட்டினேன். வெய்க்கோ அதன்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. கடைசியில் தலையசைத்தான். கூலன்டுக்கு மாற்றினேன். தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர். வெகுநேரம் கழித்துத்தான் பச்சை.

அப்புறம் ஹீட்டர். என்ஜினின் சுடுதண்ணீர்தான் அதற்கும் போகிறது. இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றில் வாயை வைத்து ஊதி, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஊதிப் பார்த்தேன், எனக்கு மூச்சு போதவில்லை. வெய்க்கோ ஹோஸை வாங்கிக்கொண்டான். வலது பக்கத்து உதட்டோரம் காற்று தப்பியது. அதை இரு விரலால் பிடித்துக்கொண்டேன். ஊதினான். ஒன்றுமில்லை. மறுபடி ஊதினான். மறுமுனையில் களகளவென்று தண்ணீர் கொட்டியது. நெற்றி நரம்பு புடைக்க இன்னும் இரண்டு தரம் ஊதினான், சொட்டு மிச்சமில்லாமல்.

மன்னிச்சுக்கோ என்றேன். ஹூம் என்றான். இருக்கிறான். உள்ளேயே இருக்கிறான். நான்தான் வெளியே எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

மைனஸ் எட்டு. நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பர் 20

பயிற்சிப் பெண்ணிடம் ஒரு முழ ஹோஸைக் கொடுத்தேன். ஸ்ட்ரா வேண்டாம், இதைக் கொடுத்துப் பார் என்று. வெய்க்கோ வாளித் தண்ணீரில் ஊதிக் கம்பளத்தை நனைத்தான். தினமும் நனைக்கிறான்.

பிப்ரவரி 8

என் பெயரில் பாதி சொன்னான். "ஐ." மீதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

மே 9, சனி

ஏரிப் பனிக்கட்டி உருகி ஒரு வாரம் ஆகிறது. இன்று டீரா தண்ணீரில் இறங்கியது. மருமகனுக்காக விசாரிக்க பென்ட்டி துறையில் வந்து நின்றான்.

முன்னால் நான், பின்னால் கம்பியைப் பிடித்தபடி வெய்க்கோ. என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. விளக்கைப் பிடித்து அடியில் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அவன்தான் சொல்ல வேண்டும். காத்திருந்தேன்.

"வெய்க்கோ, வருதா?"

எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று முட்டியில் கை ஊன்றினேன்.

"வந்து... வந்துடுச்சு!"

துறையில் பென்ட்டி தொப்பியைக் கழற்றினான். "மருமகன வேற படகு பாக்கச் சொல்றேன். என்ன ஐலா, விக்கிறதா இல்லதான?" என்று கேட்டான்.

நான் ஹூம் என்றேன்.