மாதிரித் தோல்

பேரணாம்பட்டு
9-5-1954

சிரஞ்சீவி மகள் கமலவேணிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பூசாவலில் நீயும் கனகராஜ் மாமாவும் அத்தையும் சுகம்தானா, அங்கே வெயில் நம் ஊரைவிட ஜாஸ்தி என்று மாமா எழுதியிருந்தார், மோர் குடி, வெறும் வயிற்றோடு இருக்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, தோல் ஷாப்பிலும் தண்ணீர் இல்லாமல் தோல் ஊறவைத்துப் பதனிடுகிற தொட்டிகளில் பாதி காய்ந்து கிடக்கின்றன, ஆனால் எனக்கு வேலை குறையவில்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை மேஜைமேல் தோலை விரித்து ரகம் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் மாமா எழுதின கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ உன் கெமிஸ்ட்ரி புத்தகங்களையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாயாம். ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பற்றி அத்தை பேச்செடுத்ததும் நீ மறுபேச்சில்லாமல் சரி என்றாயாம். ஏன் என்று கேட்டதற்கு, டாக்டருக்குப் படிக்கிற மூளை எனக்கு இல்லைன்னு போன வருஷமே தெரிஞ்சுபோச்சு அத்தை, என்று சொன்னாயாம். பையன் நல்லவன் என்றால் கட்டிக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு கட்டிக்கொள்ளாதே. உனக்கு மூளை இருக்கிறது, இல்லாமல் போனது உன் அப்பனுக்கு. இதைப் பத்து மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தேன், உன் அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

போன வருஷம் ஜூன் மாதம் உன்னை மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்கு அழைத்துப்போனேனே, அன்றைக்கு என் கையில் செய்தித்தாள் சுற்றின ஒரு கட்டு இருந்தது ஞாபகம் இருக்கிறதா. அது இன்னாப்பா என்று கேட்டாய், மெட்ராஸ் ஏஜெண்டுக்கு என்று சொன்னேன். பொய். அதில் இருந்தது ஒரு வெள்ளாட்டுத் தோல், அந்த வருஷம் என் மேஜைக்கு வந்ததிலேயே முதல் தரம், கத்தி படாதது, உண்ணி கடிக்காதது. என் பெண்ணுக்கு ஒரு நல்ல காரியத்துக்கு வேண்டும் என்று முதலாளி அதாவுல்லா சாயபுவிடம் கேட்டேன், எடுத்துக்கோ மேஸ்திரி என்றார். நம் தொழிலில் மாதிரி அனுப்பாமல் எந்த வியாபாரம் நடந்திருக்கிறது சொல். சீமைக்குத் தோல் போக வேண்டுமென்றாலும் முதலில் மாதிரிதான் போகும். ஆபீஸ் குமாஸ்தா இஷ்தியாக் அகமதுவும், வெறுங்கையோட போனா நம்ப மரியாதை இன்னா ஆவறது அண்ணே, ஒரு சீட்டு எழுதித் தர்றேன் சேர்த்து வெச்சுக் குடு, என்று இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தான். நீ உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் காலேஜ் பிரின்சிபால் அம்மாளின் பங்களாவுக்குப் போய்க் காவல்காரனிடம் சீட்டோடு கட்டைக் கொடுத்துவிட்டு வந்து மரத்தடியில் பெரிய மனுஷன் போல உட்கார்ந்துகொண்டேன்.

உனக்கு இடம் இல்லை என்று அச்சடித்த கார்டு வந்த நாலாம் நாள், தோல் ஷாப் விலாசத்துக்கு எனக்கு ஒரு பார்சல் வந்தது. அதே தோல், அதே செய்தித்தாள், கூடவே அந்த அம்மாள் எழுதின கடிதம். இஷ்தியாக் அகமது படிக்கப் படிக்க அவன் முகம் செத்துவிட்டது. உங்கள் பெண் எல்லாப் பரீட்சையிலும் நன்றாகச் செய்திருக்கிறாள், பெண்களில் மூன்றாவதாக வந்திருக்கிறாள், ஆனால் யாருக்காகப் பரிசு கொடுத்து அனுப்புகிறார்களோ அவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் விதி, வருந்துகிறேன், என்று எழுதியிருந்தது. அப்போதுதான் கேட்டேன், அந்தச் சீட்டில் இன்னாடா எழுதினே என்று. தலையில் அடித்துக்கொண்டான் பாவி. அவனுக்குத் தெரிந்தது ஒரே கடிதம்தானே. இத்துடன் மாதிரி அனுப்பியிருக்கிறோம், பார்வையிட்டுத் தங்கள் மேலான ஆர்டரைக் கொடுத்து உதவக் கோருகிறோம், என்று லண்டன் கம்பெனிக்கு அடிக்கிறதையே உன் பேரைப் போட்டு அடித்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன, கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தானே. அந்த அம்மாள்மேலும் எனக்குக் கோபம்தான் கமலவேணி, மறைக்க மாட்டேன். என்னைக் கூப்பிட்டு, என்னய்யா இது, என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அப்பன் செய்ததற்குப் பெண்ணைத் தள்ளுவது என்ன நியாயமோ, படித்தவர்கள் நியாயம். அன்று ராத்திரி நீ இன்டர்வியூவில் பயந்து உளறியிருப்பாய் என்று அம்மா உன்னைத் திட்டினாள், நீயும் ஆமாம் போலிருக்கு என்று அழுதாய். நான் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். முப்பது வருஷமாக அடுத்தவன் தோலில் குற்றம் கண்டுபிடித்துத் தள்ளுகிறவன், என் குற்றத்தை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள். மூன்றாவது என்று எழுதின வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இனி அந்தக் காலேஜ் நமக்கு வேண்டாம், அவர்கள் கூப்பிட்டாலும் என் முகத்தை அங்கே காட்ட முடியாது. மெட்ராஸ் சர்க்கார் மெடிக்கல் காலேஜுக்கு ஒரு ஃபாரம் வாங்கியிருக்கிறேன், அதற்கு ஜூன் பதினைந்து கடைசி நாள். அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நானும் இஷ்தியாக் அகமதுவும் பேசி, கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி.க்கு இன்னொரு ஃபாரமும் வாங்கிவிட்டோம், இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்குப் போனால் சீக்கிரம் சம்பாதிப்பாள் என்கிறாள் அம்மா. அவள் சொன்னதை எழுதிவிட்டேன், நான் சொல்ல மாட்டேன், உன் இஷ்டம். ஆனால் ஒன்று, இந்தத் தடவை எதில் சேருவது என்று நீயே பார்த்து முடிவு செய், என்னைக் கேட்காதே. தகப்பன் அல்லது கார்டியன் என்று இருக்கிற இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, மாமாவைப் போடச் சொல். இன்டர்வியூவுக்கும் அவரே கூட வரட்டும், நான் ஸ்டேஷனுக்குக்கூட வர மாட்டேன். முதலில் அந்தப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டிலிருந்து திருப்பி வாங்கு, வெட்கப்படாதே. அந்தத் தோல் இன்னும் டிரங்குப் பெட்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. செருப்புத் தைக்கலாமே என்று அம்மா கேட்கிறாள், அதைக் காலில் போட்டுக்கொண்டு நடக்க என்னால் ஆகாது.

தணிகைமலை முருகன் உனக்குத் துணை இருப்பான். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், யாருடைய தப்பும் உன் தலையில் விடியக் கூடாது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். அம்மாவிடம் இன்றைக்குச் சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன், நீ எழுதி அவளுக்குத் தெரிய வேண்டாம். உனக்கு என்மேல் கோபம் வரும், வர வேண்டியதுதான், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. ஆனால் ஃபாரத்தைத் தபாலில் போட்டுவிட்டு அப்புறம் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கோதண்டபாணி