வெளியே உட்காரச் சொன்னார்கள்

மார்ச் 4

இன்று மூன்று மோட்டாருக்கு உயிர் கொடுத்தேன். மூன்றாவது செத்தே போய்விட்டது என்று இரண்டு மெக்கானிக்குகள் கைகழுவிவிட்டுப் போன மோட்டார். நான் காதை வைத்துக் கேட்டேன். "இது சாகலை, மயக்கம்தான்" என்றேன். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் மாடித் தொட்டியைத் தாண்டி, பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் நனைத்தது. பக்கத்து வீட்டில் இன்று துணியே துவைக்கவில்லையாம். அதனால் என்ன? துவைத்திருந்தால் நனைந்திருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

சாயங்காலம் மச்சான் தையல் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். தங்கச்சி புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, கோட்டுத் துணியில் கத்தரி வைக்க அவரை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது. தலை நிமிராமலே சொன்னார்: "நீங்க சொல்றதுல பாதியைக் கத்தரிச்சாத்தான் ஒரு மனுஷனுக்குப் பொருந்தும் மச்சான்."

பொறாமை.

மார்ச் 9

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

காலையில் தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணே, இவரு வாய் ஒரு பக்கமா கோணுது, உடனே வா." என் சரக்கு வண்டியில் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். நீ வீட்டிலேயே இரு, போன் பண்ணுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு மச்சானை ஏற்றினேன். பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போவோம் என்று முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கே போனேன். அவசர சிகிச்சை என்று சிவப்பில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறான்.

உள்ளே மல்லிகை வாசனை. மருந்து வாசனை இல்லாத ஆஸ்பத்திரியை இன்றுதான் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் டை கட்டிய ஒருவன். மச்சான் என் தோளில் தொங்கினார், வாயோரம் எச்சில், பேச்சு குழறியது. டைக்காரன் மூக்கைச் சுளித்தான். "காலையிலேயேவா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. குடித்திருக்கிறாராம். மச்சான்! சோடா குடித்தாலே தலை சுற்றுகிறது என்கிற மனுஷன்!

"சார், இவரு குடிக்க மாட்டாருங்க" என்றேன். அவன் சிரித்தான். மரியாதையான சிரிப்புதான். "பரவாயில்லீங்க, வெளிய உக்காருங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

பேர் கேட்கவில்லை. வயசு கேட்கவில்லை. எதிரே ஒரு நர்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதைக் கூப்பிடக்கூட இல்லை.

நாங்கள் வெளியே உட்கார்ந்தோம்.

வாசல் காவலாளி நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். அந்த நிழலும் நகர்ந்து, வெயில் என் முழங்காலிலிருந்து கழுத்துக்கு ஏறும் வரை உட்கார்ந்திருந்தோம். மச்சான் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே மூத்திர நாற்றம், ஈ, தள்ளுமுள்ளு. ஆனால் வாசலிலேயே ஒரு நர்ஸ் பேரை எழுதினாள். "ரெண்டு கையையும் தூக்குங்க. சிரிங்க பார்ப்போம்" என்றாள். வலது கை எழும்பவில்லை. அடுத்த நிமிஷம் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "இவ்வளவு நேரம் எங்கய்யா இருந்தீங்க?"

எங்க இருந்தோம்? நாற்காலியில.

மார்ச் 10

வலது கை இனி வராது என்கிறார்கள். பேச்சு பாதி வரலாம். அந்த மல்லிகை வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. சீ.

மார்ச் 13

முடி வெட்டப் போனேன். "என்னாச்சு, சொல்லுங்க" என்றார் கடைக்காரர். உள்ளதைச் சொன்னேன். "வெளிய உக்காரச் சொன்னான், உக்காந்தோம்." அவர் கத்தரியை நிறுத்தக்கூட இல்லை. "அவ்வளவுதானா?" என்றார். பக்கத்து நாற்காலிக்காரன் பேப்பரைத் திருப்பினான்.

அது எனக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷனின் கை போயிருக்கிறது, கேட்கிறவனுக்குக் கொட்டாவி வருகிறது. "விட்டேனா? சட்டையைப் பிடிச்சேன்ல!" என்றேன். கத்தரி நின்றது. "நாலு செக்யூரிட்டி பாய்ஞ்சானுங்க. கண்ணாடிக் கதவை ஒரு உதை விட்டேன் பாருங்க, சில்லு சில்லா!" பேப்பர் மடிந்தது. "அப்புறம்?" என்றார்கள் இரண்டு பேரும். அப்புறம் என்ன, நான் நிறுத்துகிற ஆளா?

முடி வெட்டக் காசு வாங்கவில்லை.

மார்ச் 15

வெளியூரிலிருக்கும் மருமகன், தங்கச்சி மகன், போனில் பேசினான். டாக்டரிடம் விசாரித்தானாம், ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்றாராம். நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். கதவு, செக்யூரிட்டி, எல்லாம். பாதியில் வெட்டினான். "மாமா, நிறுத்துங்க. உங்க கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அம்மாதான் லேட் பண்ணியிருக்காங்க. கஷாயம் வெச்சுக் குடுத்து, எண்ணெய் தேய்ச்சு, எல்லா வைத்தியமும் முடிஞ்சப்புறம் உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க. அவங்களைக் காப்பாத்தப் பார்க்கிறீங்க."

தங்கச்சி பக்கத்திலேயே நின்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பெருமைக்கு. எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"அவன் கையைப் புடிச்சு நான் சொன்னாலும் நம்ப மாட்டான் அண்ணே" என்றாள். "அந்த ஆஸ்பத்திரிக்காரனே தன் வாயால சொல்லணும். இவரு அங்க வந்தாருன்னு."

மார்ச் 22

சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தாகிவிட்டது. தங்கச்சிதான் எழுதினாள். எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்லத் தெரிந்த ஒரே சாட்சி நான். வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் பதிவு செய்து, என்ன ஏது என்று ஒருவர் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். பணம் இருக்கிறவன், இல்லாதவன், குடித்தவன், குடிக்காதவன் யாராக இருந்தாலும். நல்ல சட்டம். நானே போட்டிருப்பேன்.

மார்ச் 30

ஆஸ்பத்திரியிலிருந்து பதில். அந்தப் பெயரில் அன்று யாரும் வரவில்லையாம்.

எப்படி இருக்கும்? பேரே கேட்கலையே நீ! கேட்காத பேரை எங்கே தேடினே? திருடன் வீட்டைத் திறந்து காட்டி, பாருங்க உங்க பொருள் இங்கே இல்லை என்கிற மாதிரி. படித்ததும் வாயெல்லாம் கசந்தது. இரண்டு தடவை கொப்பளித்தேன்.

ஏப்ரல் 6

விசாரணை. பெரிய அறை, நீள மேஜை. நடுவில் விசாரணை அதிகாரி அம்மா, வெள்ளை முடி, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். எதிரே டைக்காரன், இன்று நீலத்தில் டை. பின்னால் தங்கச்சி.

எழுந்து நின்றேன். அத்தனை பேர் என்னையே பார்த்தார்கள். நான் என்ன செய்ய? வாய் தானாகப் போனது. சட்டையைப் பிடித்தேன், நாலு பேர் அடித்தார்கள், கதவு நொறுங்கியது. அறையே கப்சிப். நன்றாகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

டைக்காரன் மெதுவாகச் சொன்னான். "மேடம், ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து எங்க கதவுல அதே கண்ணாடிதான். ஒரு கீறல்கூட இல்லை, வந்து பார்க்கலாம். இவரைத் தொட்ட செக்யூரிட்டி யாருன்னு காட்டச் சொல்லுங்க. அன்னிக்கு இவங்க யாருமே வரலை."

விசாரணை அம்மா பேனாவை மூடினார். "பெரியவரே, கதவு உடைஞ்சுதா இல்லையா?"

"உடையற மாதிரி..." என்றேன்.

யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தேதி தர்றேன். அன்னிக்குக் கதை வேண்டாம்" என்றார் அம்மா.

ஏப்ரல் 7

தங்கச்சி பேசவில்லை. கதவைத் திறந்தாள், டீ வைத்தாள், உள்ளே போய்விட்டாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 12

இன்று பேசினாள். மச்சானுக்கு இடது கையில் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"ஏன் அண்ணே, அவன் பண்ணினது போதாதா உனக்கு? அதுல நீ வேற சரிகை வெச்சுத் தைக்கணுமா?"

மச்சான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் சோறு ஒட்டியிருந்தது.

எனக்கே என் வாயைப் பார்த்து அருவருப்பாக இருக்கிறது. ஏன் உடைத்தேன் அந்தக் கதவை? மரியாதையா ஒருத்தன் 'வெளிய உக்காருங்க'ன்னான். நானும் 'சரிங்க சார்'னேன். டையைப் பார்த்துப் பயந்தேனா? தெரியலை. அடி வாங்கியிருந்தா வெளியே சொல்லிக்கலாம். சிரிச்சுக்கிட்டே ஓரங்கட்டினதை எந்த வாயால சொல்றது? அதான் உடைச்சேன். அன்னிக்கே உடைச்சிருக்கணும்.

ஏப்ரல் 21

காலையில் எதுவும் சாப்பிடாமல் போனேன்.

விசாரணை அம்மா, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "கதவு உடையலைங்க. யாரும் அடிக்கலை, நானும் அடிக்கலை. மச்சானுக்கு வாய் கோணியிருந்துச்சு, பேச்சு குழறிச்சு. இவரு குடிச்சிருக்காருன்னு நினைச்சாரு. வெளிய உக்காருங்க, தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்கன்னாரு. நான் சரிங்க சார்னு சொல்லி உக்காந்தேன். பேர் கேக்கலை. நர்ஸ் வந்து பாக்கலை. மச்சான் கீழே விழுந்ததும் வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதாங்க."

உட்கார்ந்தேன். இவ்வளவு சின்னதாக நான் எதையுமே சொன்னதில்லை. காது சுட்டது.

டைக்காரன் முகத்தில் நிம்மதி. நிஜமாகவே நிம்மதி! இரண்டு கையையும் விரித்தான்.

"பாருங்க மேடம், இதுக்காப் புகார்? அதுல என்ன தப்பு? குடிச்ச மாதிரி வர்றவங்களை வெளிய உக்காரச் சொல்றது எங்க வழக்கம். மத்த பேஷண்டுக்குத் தொந்தரவு இல்லையா? இவரையும் மரியாதையாத்தான் உக்காரச் சொன்னேன். இவரே ஒத்துக்கறாரே!"

விசாரணை அம்மா அவனையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவரையும்னா?" என்றார்.

"ஆமா மேடம், இவரையும் இவர் மச்சானையும்..."

"அன்னிக்கு யாரும் வரலைன்னு போன தடவை சொன்னீங்க."

பக்கத்திலிருந்த அவனுடைய வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு அப்போதும் தப்பு எங்கே என்று புரியவில்லை, நான் பார்த்தேன். எழுதாதது தப்பு, பார்க்காதது தப்பு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பொய் மாட்டிக்கொண்டதுதான் வருத்தம். அந்த முகத்தை இனி எத்தனை தடவை குளித்தாலும் என் கண்ணிலிருந்து கழுவ முடியாது போலிருக்கிறது.

பின்னால் தங்கச்சி அழுதாள். சத்தம் வராமல்.

மே 3

முடிவு வந்தது. வந்தவரைப் பதிவு செய்யாததும் பரிசோதிக்காததும் ஆஸ்பத்திரியின் குற்றம் என்று போட்டிருக்கிறார்கள். அபராதம் உண்டு. ஆஸ்பத்திரி உடனே பழியைத் தூக்கி வாசல் காவலாளி மேல் போட்டு, அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாம். அன்று எங்களுக்கு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்ட ஒரே ஆள் அவர்தான். டைக்காரன் அங்கேயேதான் இருக்கிறான். தூ.

மே 5

காவலாளிக்காக நானே ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றே வரி. நான்காவது வரி பேனா முனை வரைக்கும் வந்தது, விடவில்லை.

மே 11

மருமகன் வந்தான், சொல்லாமல். அப்பாவின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான்.

"மாமா, அன்னிக்கு என்னாச்சு?"

"அம்மா உடனே கூப்பிட்டா. நான் உடனே கூட்டிட்டுப் போனேன். வெளிய உக்காரச் சொன்னாங்க. உக்காந்தோம்."

அவன் காத்திருந்தான். என்னைத் தெரிந்தவன், இன்னும் வரும் என்று எதிர்பார்த்திருப்பான்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லைப்பா."

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே, சமையலறைக்குப் போனான். தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது. அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. நான் வாசலிலேயே இருந்தேன்.