ஏ.சி. குழாயில் நான் செருகிய தீக்குச்சி

மாப்பிள்ளையாகும் முன்பே கூட்டாளியாகிவிட்ட என் பிரியமானவனுக்கு,

உன் காரைக் கெடுத்தது ஏ.சி. கடைக்காரர் அல்ல, நான். ஆறு வருடமாக ஊரெல்லாம் அவரைத் திட்டியவனும் நான்தான்.

"குளிர் காத்து மூஞ்சிக்கு வராம கண்ணாடிக்குப் போவுது மச்சான்" என்று ஒரு கோடையில் வந்து நின்றாய். உன் பழைய ஜெர்மன் டீசல் காரில் காற்றின் வழியை மாற்றும் மடல்களை இழுப்பது கம்பியல்ல, என்ஜின் பம்ப்பின் உறிஞ்சல். எவரிடமும் படிக்காமல், ஒவ்வொரு குழாயாக வாயில் வைத்து இழுத்து, நுனியில் நாக்கு ஒட்டுகிறதா என்று பார்த்தே ஒழுகும் குழாயைக் கண்டுபிடித்தேன். மாற்றுக் குழாய் இல்லை. தீப்பெட்டி செய்யும் ஊர்க்காரன் ஓட்டையைக் கண்டால் என்ன செய்வான்? உன் ஆபீஸ் மேஜையிலிருந்த மெழுகுத் தீக்குச்சியை ஒடித்து அந்தக் குழாயில் செருகினேன். குளிர் முகத்துக்கு வந்தது. குச்சியைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை. பிறகு மறுபடி கெட்டபோது, எனக்குப் பின் அதில் கை வைத்த கடைக்காரர் மேல் பழியைப் போட்டேன்.

நீ கண்மூடிய பிறகும் உன் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; போன ஞாயிறு அதில் பசுவந்தனையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். உன் மகன் ராசு ஓட்டினான், உன் மனைவியான என் தங்கச்சி பின்னால். ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் மிதி அமுங்காமல் கல்லாய் நின்றது. ராசு இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். கடைசி ஆட்டின் வாலை உரசி வண்டி நின்றது.

"ஏலே, காரு ஓட்டுதியா, களத்துல சூடடிக்கியா?" என்றார் ஆட்டுக்காரர், ராசு மிதித்த மிதியைப் பார்த்து.

சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்துவதும், பிரேக் மிதியை இலகுவாக்குவதும் அதே உறிஞ்சல்தான். தங்கச்சி உன்னை நினைத்துச் சிரித்தாள்: "அண்ணே, அவியளுக்கு இன்னும் எறங்க மனசில்ல போல."

எனக்கு அந்தத் தீக்குச்சி ஞாபகம் வந்தது.

வீட்டில் பிரித்தேன். ஏ.சி. பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கான உறிஞ்சல் போய்விடாமல் காக்க ஒரு சின்ன வால்வு உண்டு. மெழுகு உருகி, குச்சித் துணுக்கு உள்ளே இழுபட்டு, அதன் வாயில் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன். ஆனால் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஐந்து முறை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன், நாக்கு ஒட்டவில்லை.

"ராசு, இந்த வண்டிய எடுக்காத."

"ஏ.சி.ய மட்டுந்தான அந்தக் கடைக்காரரு கெடுத்தாருன்னு நீங்கதான மாமா சொன்னீய? ஏ.சி. போடாம ஓட்டுதேன்."

என் பொய்யையே எடுத்து என்னிடமே நீட்டினான். வியாழக்கிழமை தங்கச்சியைக் கண் ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிக்கு இதில்தான் கூட்டிப்போவானாம். லாரிகளுக்கு நடுவே அந்த பிரேக் கல்லாய் நின்றால்? நீ இருந்தால் என்னை அடித்திருப்பாயா, மாப்பிள்ளை?

பாட்டரியைக் கழற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். ராசு கத்தட்டும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. இன்று பொழுது சாயும் முன் நான் அவர்கள் இருவரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். ராசு புது வால்வும் குழாய்களும் வரவழைக்க வேண்டும்; வேறொரு மெக்கானிக் மாட்ட வேண்டும், நான் தொடமாட்டேன். தங்கச்சி வியாழக்கிழமை பஸ்ஸில் போக வேண்டும், அருகில் நான் உட்கார வேண்டும். ஏ.சி. கடைக்காரர் வாசலுக்குப் போய், நான்கு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து, நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் விரட்டினால் மறுநாளும் போக வேண்டும்.

உன் மனைவிக்கு மூத்தவன்,
உன் மச்சான்