பாதபீடத்தை இழுத்துச் சென்ற தும்பை

நலம் ஓங்குக. ஏழு துறைகளுக்கும் இறைவரும், புயலுக்குத் தப்பி வரும் கலங்களிடம் சுங்கம் கேளாதவருமான ஆழிமுக நாட்டு அரசர் பொன்னணித்தேவர் திருமுன்பு, வெண்குன்ற நாட்டு அரசி மங்கைமாதேவியார் ஆணையால், அந்நாட்டு நாய்க்கொட்டில் அதிகாரி எயினன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் துறைகளில் காற்று சீராக வீசுக; தங்கள் இல்லத்தில் ஒருவரும் குறையாதிருக்க.

தாங்கள் விடுத்த ஓலை கிடைத்தது. மேலைமலை நாட்டுக் கருமுதுகு மேய்ப்பு நாய்களில் தும்பை என்னும் பெண்நாயை எம் அரசியார் தங்களுக்குப் பரிசாக அனுப்பினார். அவளைப் பழக்கிய கொற்றியும் உடன் வந்தாள். அரசர் எழுமுன் அவையில் எவரும் எழலாகாது என்பது தங்கள் மரபு. தீவுத் தூதர்கள் பார்த்திருக்கத் தும்பை எழுந்தாள். சங்கிலி கட்டியிருந்த பாதபீடத்தையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலைக் கடந்தாள். தங்கள் திருவடிகள் அந்தரத்தில் தொங்கின. அதனால், நாயைக் கெடுத்து வளர்த்த கொற்றியின் தலையை வரும் முழுநிலவு நாளில் மழித்து, கழுதைமேல் ஏற்றி எல்லைவரை ஓட்டுவது என்று தாங்கள் தீர்ப்பளித்திருக்கிறீர்கள்.

துறைமுகத்துக் கயிற்றுக் கொட்டகையில் காவலில் இருக்கும் கொற்றி, ஓடக்காரன் சாத்தன் வழியே செய்தி சொல்லியனுப்பினாள். தும்பை சாப்பிட்டாளா என்பதே அவளுடைய முதல் கேள்வி. மாலை மணி அடித்ததும் தும்பை மடைப்பள்ளி தொடங்கி யானைக் கொட்டில் வரை நடந்து, வீட்டார் ஒவ்வொருவரின் கையையும் முகர்ந்துவிட்டுத் திரும்புவாள். அந்த நேரத்தில் அவளைக் கட்டிப்போட வேண்டாம் என்று கொற்றி தங்கள் அவைக் காவலரிடம் மூன்று முறை வேண்டினாளாம். பொன் சங்கிலி போட்டால் எந்த நாய்க்கும் மரியாதை தானாக வரும் என்றும், நாய் பிடிக்கிறவள் நாயோடு நிற்கட்டும், அரசருக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றும் அவர் கேலி செய்தாராம். பீடம் படியில் உருண்டபோது தான் சிரித்துவிட்டதை மட்டும் கொற்றி மறைக்கவில்லை. தன் குற்றம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான், அதற்கு எவ்வளவு முடி வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். ஆனால், ஊர் பார்க்கக் கழுதையில் போனவள் கையில் இனி எந்த நாட்டிலும் எவரும் ஒரு குட்டியைக்கூடத் தரமாட்டார்கள் என்றும் அவள் சொன்னதாகச் சாத்தன் தெரிவித்தான்.

இவ்வோலை எழுதும் எயினன் இப்பதவிக்கு வந்து ஓராண்டே ஆகிறது. தன் கணிப்பை அவன் எளிதில் நம்புவதில்லை. ஆகவே பதினொரு ஈற்றுக் குட்டிகளைப் பற்றிய பழைய குறிப்புகளை எடுத்து, இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தான். இந்த இனத்தில் ஆண் பெரியது; இரண்டு வயதிலும் குட்டிபோலவே விளையாடும்; பெரும்பாலும் ஒருவரைத் தன் தலைவராகக் கொண்டு அவர் காலடியை விட்டு அகலாது; தூணுக்குத் தூண் நனைத்துத் தன் இடம் என்று காட்டும். பெண்ணுக்குப் புத்தி முந்தி வரும். சொன்னதை விரைவில் கற்கும். ஆனால் எவர் ஒருவர் மடியிலும் ஒட்டிக்கிடக்காது. வீடு முழுவதும் அதற்குச் சொந்தம். ஓர் ஆள் குறைந்தாலும் தேடிப் போகும். விதிவிலக்குகளும் உண்டு: வள்ளி என்ற பெண்நாய் தன்னை வளர்த்தவனை விட்டுப் பிரியாமலே கிடந்து இறந்தது. இருந்தும் தும்பை விதியை ஒட்டியவள் என்பதில் எயினனுக்கு ஐயமில்லை.

பிழை எங்கே என்றும் தேடினான். அது அவனிடமே இருந்தது. சொல் கேட்கும் நாய் வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அவளுடைய அண்ணனான வயவன் என்னும் ஆண்நாய் ஐந்து நாளில் கற்றதைத் தும்பை இரண்டே நாளில் கற்றதால் எயினன் அவளைத் தேர்ந்தான். தாங்கள் விரும்பியது தங்களை விட்டு நீங்காத ஒரு துணை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டு எழுதவும் இல்லை.

இனி எழுதுவது தங்கள் இல்லத்துச் செய்தி. சினம் கொள்ளாது கேட்டருள்க. துறைச்சுவர் கட்டும் வழக்கில் தங்களோடு மனம் கசந்த இளவல் வல்லபர் அன்றோடு பதினோரு நாளாக யானைக் கொட்டிலிலேயே தங்கி, அவைக்கு வரவில்லை. தும்பையின் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. அவள் பீடத்தோடு ஓடியது யானைக் கொட்டிலுக்கே. பின்னால் ஓடிய கொற்றி கண்டாள்: வல்லபர் சங்கிலியை அவிழ்த்தார், இந்நேரம் அண்ணன் காலைத் தொங்கவிட்டா உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுச் சிரித்தார், பிறகு வெகுநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தங்களிடம் திரும்பி வந்த பீடம் மண் படியாமல் இருந்ததைத் தாங்கள் கவனித்திருக்கலாம். அதைத் தம் மேலாடையால் துடைத்து அனுப்பியவர் வல்லபர். எவரிடமும் சொல்லலாகாது என்று கொற்றிக்கு அவர் ஆணையிட்டார். தன் தலைக்குக் கேடு வந்தும் அவள் தங்கள் மன்றத்தில் அதைச் சொல்லவில்லை. ஓடக்காரனிடம் அதைச் சொன்னதுகூடத் தும்பையைக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான்.

எம் அரசியார் ஆணை வருமாறு. இவ்வோலையோடு வயவனும் வருகிறான்; தங்கள் காலடியில் அவன் கிடக்கட்டும். தும்பையைத் தாங்கள் வைத்துக்கொண்டாலும் திருப்பியனுப்பினாலும் எமக்கு உவப்பே. கொற்றி தலைமுடியோடு திரும்புக. குற்றத்துக்கு ஒரு தலை வேண்டும் என்றால், தேர்வில் பிழை செய்த எயினன் முழுநிலவு வரை எல்லைச் சாவடியில் காத்து நிற்பான். கழுதையையும் அங்கேயே அனுப்புக.

மலைமுடி முத்திரை இட்டோம். மறுமொழியை வல்லபர் கையால் எழுதுவித்து விடுப்பீராக.