கண்ணாடிக்குள் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியலின் இரண்டாம் மெய்ப்பு முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எண்பத்தொன்பது பிழைகள். பாடநூல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, பிழை பார்த்தவன் பெயர் கிடையாது. "நீங்க பாத்துட்டா நான் பாக்கவே வேண்டாம் சார்" என்று தலைமைப் பதிப்பாசிரியர் இன்றும் சொன்னார். உண்மைதான், அவர் பார்ப்பதே இல்லை. பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு துண்டறிக்கையைக் கையில் திணித்தாள். "உங்க பிறந்த நாளுக்கு. பதினஞ்சாம் தேதி, ஞாயித்துக்கிழமை. படகுல ஒரு நாள். மூணு இடத்துல நிக்கும், நடுவுல ஸ்நார்க்கலிங். பதிவு பண்ணியாச்சு, சாக்கு சொல்ல முடியாது."

ஐம்பத்தைந்து வயதில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு குப்புற மிதப்பதா?

துண்டறிக்கையில் ‘பயணிகள் தன் உடைமைகளை தானே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று இருந்தது. ஒரே வரியில் மூன்று பிழை. ‘மூச்சுக்குழல் இலவசம்’ என்றும் இருந்தது. எனக்கு ஏற்கெனவே தொண்டைக்குள் ஒன்று இருக்கிறது. சிவப்பு மையால் திருத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "அப்படியே படகுக்காரர்கிட்ட குடுங்கப்பா, ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

மனைவி வரவில்லையாம். "வாளித் தண்ணி ஆடினாலே எனக்குத் தலை சுத்தும், நீங்க போய்ட்டு வாங்க." மகள் அவளையும் சேர்த்து நான்கு இடம் எடுத்திருந்தாள். நான்காவது யார் என்றேன். "தெரிஞ்சவங்கதான்" என்றாள். அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்ட பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம். இன்றுதான் கவனித்தேன். படகு மூன்றாவதாக நிற்கும் இடம் நாங்கள் வளர்ந்த துறைமுகக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன வளைகுடா. ‘அமைதியான இயற்கைக் கடற்கரை’ என்று போட்டிருக்கிறார்கள். அமைதியா! முப்பத்தாறு வீட்டுப் பிள்ளைகள் அங்கே கத்திய கத்தல் எனக்குத்தான் தெரியும்.

அப்பா இழுவைப் படகில் இன்ஜின் மெக்கானிக். பெரிய கப்பல்களை முட்டித் தள்ளிக் கரை சேர்க்கும் குட்டிப் படகு அது. சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது குடியிருப்புக்கு நேராக ஒரு தரம் சங்கு ஊதுவார். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். நானும் தம்பியும் தண்ணீரைவிட்டு வெளியே வருவோம். பதினைந்து மாதம்தான் வித்தியாசம். அப்பா சோம்பல்பட்டு இருவரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அதனால் அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. டேய்தான். ‘டேய், எழுந்திருடா.’ ‘டேய், அப்பா வர்றாருடா.’

பப்பாளி இலையின் காம்பை ஒடித்து, இரண்டு முனையும் வெட்டினால் உள்ளே வெறும் குழல். அதை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் கிடப்போம். ஒருநாள் காம்பைக் கழுவாமல் வைத்துக்கொண்டதில், பால் பட்டு அவன் உதடு இரண்டும் வீங்கிப் போயின. அடி யாருக்கு விழுந்தது? எனக்கு. "பெரியவன் நீ பாத்துக்க வேண்டாமா?" பதினைந்து மாதப் பெரியவன்!

அந்தக் கண்ணாடிக் கடைக்காரரோடு — தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான் — பேசுவதே இல்லை என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு நாலைந்து தரம் பேசுகிறோம், வங்கி மேலாளரும் வாடிக்கையாளரும் பேசுகிற மாதிரி. பதினான்கு வருடம் முன்பு அம்மா என் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்குப் போனாள். மூன்று மாடி ஏற முடியவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தால் அவள் கட்டில் காலி. அதைக்கூட விழுங்கியிருப்பேன். அந்த வார ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் அவன் நின்றுகொண்டு, "வாங்க, உட்காருங்க" என்றான்.

உட்காருங்க! பிறந்ததிலிருந்து ‘உட்காருடா’ என்றவன். அம்மா இங்கே வந்துவிட்டாள், இனி நீ விருந்தாளி என்று ஒரே சொல்லில் காட்டிவிட்டான். அன்று முதல் எனக்கும் அவன் ‘நீங்க’தான். அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த வாரத்தில்கூட, அழுதுகொண்டே, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

ஒரே ஒரு தரம் ‘டேய்’ என்றிருந்தால் நான் எல்லாவற்றையும் விட்டிருப்பேன். சொல்லவே இல்லை.

மார்ச் 14, சனி

நாளை மழை வந்தால் நல்லது.

மார்ச் 15, ஞாயிறு

மழை வரவில்லை. நான்காவது ஆள் வந்தான்.

படகுத் துறையில் தோளில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகமும் விழுந்தது. அவனுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. "வாங்க." "வந்தீங்களா." முடிந்தது. மகளை முறைத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே படகுதான். பிடிக்கலன்னா நீந்திதான் போகணும், சித்தப்பாவுக்கும் அதேதான்" என்றாள்.

மொத்தம் பன்னிரண்டு பேர். அவன் முன்பக்கம், நான் பின்பக்கம் இன்ஜின் புகையில். முதல் கடற்கரையில் எல்லோரும் சிப்பி பொறுக்கினார்கள். நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அது வரை சரியாகத்தான் போனது.

இரண்டாவது இடத்தில் பவளப்பாறை. தண்ணீரில் வழிகாட்டி, கழுத்தில் விசில் கட்டிய ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். என் வாழ்க்கையில் எந்தத் தலைமையாசிரியரும் என்னை அப்படி மிரட்டியதில்லை. "யாரும் தனியா போகக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா, கை எட்டுற தூரத்துல. அங்கிள், நீங்களும் இந்த அங்கிளும் ஒரு ஜோடி." மகள் அதற்குள் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

விசில்காரி என் மீசையைப் பார்த்துவிட்டு வாஸ்லைன் டப்பாவை நீட்டினாள். "மீசை இருந்தா கண்ணாடி ஒட்டாது, இத தடவிக்குங்க. தண்ணிக்குள்ள சிரிக்காதீங்க. சிரிச்சா கன்னம் மடங்கி உள்ள தண்ணி வந்துடும்."

"அந்தக் கவலையே வேண்டாம்" என்றாள் மகள். "எங்கப்பா தரையிலயே சிரிக்க மாட்டாரு."

படகே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்காமல் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு நீச்சல் கண்ணாடியை எடுத்தான். "இத போட்டுக்குங்க. பவர் வச்சது. மைனஸ் நாலரைதானே?"

"அஞ்சு ஆயிடுச்சு."

"பரவால்ல, தண்ணிக்குள்ள கொஞ்சம் பெருசாதான் தெரியும்."

மகள் அவனிடம், கண் சரியாகத் தெரியாத ஒருவருக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லி வாங்கி வரச் சொன்னாளாம். சொன்ன பவர் நாலரை. அவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராமல் இருந்திருக்கலாமே? கேட்கவில்லை.

குப்புற மிதந்தேன். முதலில் என் மூச்சின் சத்தம் மட்டும். பிறகு — எழுதத் தெரியவில்லை. கிளிமீன்கள் பாறையைக் கடிப்பது கேட்டது, யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி. மஞ்சள் வரி போட்ட கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நாற்பத்தைந்து வருடம் முன்பு எல்லாம் வெறும் பச்சை மங்கலாகத்தான் தெரிந்தது. அப்போதே என் கண் கெட்டிருந்தது, வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரப்பர் குழாயில் கடல் உப்போடு பப்பாளிக் காம்பின் கசப்பும் வந்தது. சத்தியமாக வந்தது.

திரும்பினால் பக்கத்தில் தம்பி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் குழாயைக் காட்டினான். பிறகு அதை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு விரலால் உதட்டைப் பிடித்து வெளியே இழுத்து, வீங்கிய உதடு மாதிரி வைத்துக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயது மனிதன், தலை முழுக்க நரை —

சிரித்துவிட்டேன். கண்ணாடிக்குள் தண்ணீர் பாய்ந்தது, மூக்கில் ஏறியது, குழாய் நழுவியது. அவன் என் அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். விசில் பறந்தது. "சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!" நான் இருமிக்கொண்டே சிரித்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மூன்றாவது கடற்கரை. எங்கள் வளைகுடா. குடியிருப்பு இல்லை, தண்ணீர்த் தொட்டியின் நான்கு கால்கள் மட்டும் நின்றன. துணி துவைக்கும் கல் மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதில் இருவரும் உட்கார்ந்தோம். ஒரு காலத்தில் இதே கல்லில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். கல் சிறுத்துவிட்டது என்றேன். "கல்லா?" என்று என் வயிற்றைப் பார்த்தான்.

கேட்டுவிட்டேன். பதினான்கு வருடமாக வாயில் வைத்திருந்ததை. "அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டு என்னை எதுக்கு ‘உட்காருங்க’ன்னு சொன்னீங்க?"

"என்னிக்கு?"

"அம்மா அங்க வந்த வாரம்."

யோசித்தான். "அண்ணியும் கூட வந்தாங்கல்ல?"

"வந்தா?"

"அண்ணிய ‘உட்காரு’ன்னா சொல்றது? ரெண்டு பேரையும் பாத்து சேத்துதான் சொன்னேன்." என் பக்கம் திரும்பி, "நீங்கதான் திருப்பி, ‘உங்க வீட்ல நீங்க காட்டற எடத்துல உக்கார்றேன்’ன்னு சொன்னீங்க. எனக்கு செவுள்ல அறஞ்ச மாதிரி இருந்துச்சு. சரி, பெரிய மனுஷன் ஆயிட்டான், மரியாதை எதிர்பாக்கறான்னு நெனச்சேன். அன்னிலேர்ந்து குடுத்துட்டு வர்றேன்."

படகு ஹாரன் அடித்தது. அவன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தான்.

ஒருமை பன்மை மயக்கம். வருடத்துக்கு ஐந்நூறு இடத்தில் வட்டம் போடுகிறேன்.

மார்ச் 16, திங்கள்

மனைவியிடம் கேட்டேன். "ஆமா, உங்க பின்னாடி செருப்பு கழட்டிட்டு நின்னேன். ரெண்டு பேரையும்தான் சொன்னாரு. ஏன்?" சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "இத என்கிட்ட அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. தவறாக இருக்கும் என்று சந்தேகம் வந்தால்தானே சரிபார்ப்போம்.

அதற்காக அம்மா சொல்லாமல் போனதை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அது வேறு.

மார்ச் 24, செவ்வாய்

தம்பி போனில் கூப்பிட்டான். அவனாகவே. படகில் மகள் எடுத்த படங்கள் வந்தனவா என்று கேட்க.

"சாப்பிட்டாச்சா?" "ஆச்சு. அங்க கடை தொறந்தாச்சா?" "தொறந்தாச்சு." "சளி போயாச்சா?" "போயாச்சு."

வைத்த பிறகுதான் உறைத்தது. இருவரும் நீ, நீங்க இரண்டையும் தொடாமல் நான்கு நிமிடம் பேசியிருக்கிறோம். சேறு மிதிக்காமல் கல் கல்லாகத் தாண்டுகிற மாதிரி. அவனும் யோசித்துத்தான் பேசுகிறான். நாக்கு பழகிவிட்டது, இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் முதலில் ‘டா’ போட்டால் என்ன? அவன் ‘நீங்க’ என்று பதில் சொல்லிவிட்டால்?

ஏப்ரல் 2, வியாழன்

மறுபடி போன். ஆச்சு, ஆச்சு, ஆச்சு. மகள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் தும்மறீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

அம்மா அந்த வீட்டில் எந்த அறையில் இருந்தாள் என்று மனைவியிடம் கேட்டேன். எட்டு வருடத்துக்கு மேல் வாராவாரம் போயிருக்கிறேன். கூடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை, அவளைத்தான் கூடத்துக்கு வரவழைத்தேன். முட்டி வலியோடு நடந்து வருவாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு வரலாறு. சாயங்காலம் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. தலைவலி. வேறு எங்கே போவது? தம்பி கடைக்குப் போனேன்.

"வந்தாச்சா" என்றான். ஆள் இருந்தார்கள், காத்திருந்தேன். என் முறை வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்தான். திருப்பினான். அளவுகோலை வைத்தான். மறுபடி வைத்தான். காது சிவந்துகொண்டே வந்தது. சின்ன வயதில் சண்டைக்கு முன்னால் அப்படித்தான் சிவக்கும்.

"எந்த மடையன் இத போட்டுக் குடுத்தான்?"

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை என்றேன்.

"லென்ஸோட நடு எங்கயோ இருக்கு, கண்ணு எங்கயோ இருக்கு! இத போட்டுக்கிட்டா நாள் பூரா பிழை பாக்கற? எத்தன வருஷமா? அறிவிருக்காடா உனக்கு? என்கிட்ட கடை இருக்குன்னு தெரியும்ல? கண்ணு போச்சுன்னா என்னடா பண்ணுவ?"

கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலை செய்யும் பெண் கண்ணாடிச் சட்டம் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அசையாம உட்காரு" என்று இரண்டு கண்ணுக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துச் சொல்லவில்லை. கண் கலங்கியதற்கு விளக்கின் வெளிச்சம்தான் காரணம் என்று நினைத்து, அவனே அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

புதுக் கண்ணாடி வெள்ளிக்கிழமை கிடைக்குமாம். "நேரா இங்க வா. லேட் பண்ணாத."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.